தாய்மாமன் மடி

என் தம்பிக்கு இருந்தது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். மாத்திரையிலேயே காலம் ஓட்டிவிடலாம் என்றார்கள், ஓட்டினான். என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்த சமயம், மாத்திரை கேட்காமல் போனது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பதோ ஒரே தம்பி.

எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார்கள். என்னுடையது பொருந்தியது. சென்னையில் என் இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். நான் முதுகெலும்பையே கழற்றிக் கொடுத்துவிட்டதாக ராஜபாளையத்தில் எங்கள் தெருவே நம்பியது. ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் காட்டினேன்.

மஜ்ஜை அவன் உடம்பில் பிடித்துக்கொண்டது. அவனுடைய ரத்த வகையே மாறி என்னுடையதாகிவிட்டது. "மாப்ள, இனி ஒம் மடி தாய்மாமன் மடியா, தாய் மடியா?" என்று என் வீட்டுக்காரர் போனில் கேலி செய்தார்.

சிரித்தோம். ஆனால் அந்த மடி கிடைக்கவில்லை. அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம், மாடி அறையில் இருந்தான். பஸ் ஏறினால் அரைமணி நேரம்தான். கூட்டமும் சளியும் அவனுக்கு ஆகாது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளைக்கோ என்றைக்கும் சளி. தெருவில் நின்றபடி அவளைத் தூக்கிக் காட்டுவேன். ஜன்னலிலிருந்து கையாட்டுவான். அவன் தலையை ஒருமுறை தடவிவிட மாட்டோமா என்று என் கை ஏங்கும்.

"ஒம் பெரியப்பா மவன் இருக்கான்ல, அவன் மடியில வச்சுக் குத்திருவோம். பொட்டப்பிள்ள எம்புட்டு நாளைக்கு மூளிக் காதோட திரியும்?" என்றார் மாமியார். நியாயம்தான். ஆனால் வேறொருவர் மடியில் வைத்துவிட்டால், தம்பி பிழைக்கமாட்டான் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? "அவன் வருவான் அத்தை. பொறவு குத்திக்கிடலாம்" என்றேன்.

மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம்தான் டாக்டர் சம்மதித்தார். மண்டபம் இல்லை, கிடா இல்லை. அவன் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் சில பேரும் ஆசாரியும் மட்டும், எல்லாரும் மாஸ்க்கோடு. தம்பி மட்டும் முகத்தை மூடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நோயைத் துரத்திய என் அணுக்களே அவன் உடம்பையும் அந்நியமென்று தாக்கியிருந்தன. கைத்தோல் கறுத்து இறுகியிருந்தது. கண்ணீர் சுரப்பது நின்றே போயிருந்தது. என் ரத்தம் செய்த வேலை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே கோபம் வரும்.

மகள் மடி கொள்ளாமல், கால்கள் தொங்க உட்கார்ந்தாள். கம்பி இறங்கியதும் வீறிட்டு மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நான் அழுதேன். வீட்டுக்காரர்கூடக் கண்ணைத் துடைத்தார். தம்பியின் முகம் கோணிச் சிவந்து, காய்ந்து கிடந்தது.

"அக்கா, நானும் அழுதுக்கிட்டுதான் இருக்கேன். தெரியுதா?"

"தெரியுதுலே" என்று சொல்லி, அவனுடைய காய்ந்த கன்னத்தை முந்தானையால் துடைத்துவிட்டேன்.