மல்லிகா அக்கா காலு செவக்கல

மல்லிகா அக்கா நேத்து செத்துப்போச்சி. கீழ யாரும் RIPன்னு கமெண்ட் போடாதீங்க. எனக்கு அவ்ளோ கோவம் வருது.

மலைமேல ஆஸ்பத்திரில நானும் அக்காவும்தான் பெருக்கித் தொடைக்கிற வேலை. பதினோரு வருஷம்…

புண்ணு மேல பொகையில, சாணின்னு அப்பிக்கினு ஜனங்க வருவாங்க. அக்காதான் வெந்நீ ஊத்தி ஊறவச்சி எடுக்கும். நாத்தத்துல நான் மூக்கப் பொத்துனா திட்டும். "கைய எட்றீ. அந்தாளு உன் மூஞ்சியத்தான் பாக்குறாரு."

போன மாசம் ஜீப்புல ஒரு பெட்டி வந்துச்சி. நர்ஸ்ங்களுக்கு புண்ணு பாக்குற ட்ரெயினிங்காம். கண்ணு மேல பெரிய கண்ணாடிய மாட்டுனா உள்ள படத்துல ஒரு நோயாளி தெரிவானாம். வெறுங்காத்துல கைய ஆட்டி ஆட்டி மருந்து போட்டாங்க.

"இன்னாடி, கொசு அடிக்குதுங்க"ன்னு அக்கா என் காதுல சொல்லிச்சி. சிரிப்ப அடக்க முடியல.

அக்காவும் கேட்டு வாங்கி மாட்டிப் பாத்துச்சி. "ஐய, காலு உரிச்ச முட்டையாட்டம் இருக்குது! புண்ணச் சுத்தி எவ்ளோ செவப்பு! நம்மாளுங்க காலு இல்லியா சிஸ்டர்?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான்…

அப்பறம் புளி உலுக்கப் போன எடத்துல அக்கா காலுல கட்டை குத்திடுச்சி. சுகர் வேற.

சின்ன நர்ஸ் பாத்துச்சி. "சுத்திச் செவப்பே இல்லக்கா, நல்லாதான் ஆறுது. ட்ரெயினிங்ல காட்டுனாங்க." கட்டு போட்டு அனுப்பிடுச்சி. மூணு நாளும் அதே பேச்சு.

நான் தொட்டுப் பாத்தேன். அடுப்பாட்டம் கொதிச்சிது. "எங்க தோலுல செவப்பு எப்டிம்மா தெரியும்? தொட்டுப் பாரும்மா"ன்னேன்.

"ட்ரெயினிங் எடுத்தது நீங்களா நானா? போய் வார்டு பெருக்குங்க."

போனேன். பெருக்குனேன். ஏன் போனேன்…

அஞ்சாம் நாளு கண்ணு சொருகுனப்பதான் ஜீப்புல போட்டு கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கி எறக்குனாங்க. ரத்தத்துல வெஷம் ஏறிடுச்சின்னாங்க.

அந்தக் கண்ணாடிக்குள்ள படத்தச் செஞ்சவங்களே, ஒரு கருத்த காலு கெடைக்கலியா உங்களுக்கு? இந்த மலைக்கி வந்திருந்தா வூட்டுக்கு வூடு காட்டியிருப்பேனே.

அந்த நர்ஸ் பொண்ணு எழவு வூட்டுக்கு வந்து அழுதுச்சி. அழட்டும். நான் கையக் கூடப் புடிக்கல.

குளிப்பாட்டும்போது உன் காலுகிட்ட யாரையும் வுடலக்கா. நானே கழுவி, புதுத் துணில கட்டி அனுப்புனேன்.

வலிக்காம போக்கா…