சுமனைத் தூக்க இரண்டு பேர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் புவனலெட்சுமி குடியிருந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். மரம் செடி ஒன்றும் கிடையாது. ஒரு முச்சக்கரவண்டி மட்டும் நுழையக்கூடிய பாதை, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிப் பலகை வீடுகள்.

அவள் பிறந்தது மலையகத்தில், அப்புத்தளைப் பக்கம். அங்கே மழையில்லாத மாதங்களில் மலையில் மானாப்புல் பற்றிக்கொள்ளும். நெருப்பு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்காமலிருக்க, முன்கூட்டியே லயத்துக்கு மேலே புல்லை அகலமாகச் செதுக்கி வெறும் மண்ணாக்கி வைப்பார்கள். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த அவளுக்கு இந்தப் பலகைச் சுவர்களைப் பார்த்தாலே திக்கென்றிருக்கும். கணவன் சுமன் பாரிசவாதம் வந்து கட்டிலோடு ஆனபின் அந்தப் பயம் கூடிவிட்டது. அவளுக்கோ வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை. பகலில் அடுத்த வீட்டுப் பர்ஹாதான் அவரை எட்டிப் பார்ப்பாள்.

தோட்டத்தின் நடுவில் சாமான் போட்டுவைக்கும் கொட்டில்களைக் கழற்றி ஒரு வெளி விடவேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். மீன் வியாபாரி மெல்ரோய் சிரித்தான்.

"மலையில புல்லு எரியும் அக்கா. இங்க எங்க புல்லு?"

"புல்லுன்னா பரவாயில்ல மெல்ரோய். இங்க வீட்டுக்கு வீடு கேஸ் சிலிண்டர்."

அவன் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டமொன்று எரிந்து சாம்பலானது. மறுநாள் அவனே அலவாங்குக் கம்பியோடு வந்து தன் கொட்டிலை இடித்தான். மற்றவர்களும் இடித்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்தபின் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். மணல் பீப்பா எங்கே வைப்பது, பாதையை மறித்து வண்டி நிறுத்தாமல் யார் பார்ப்பது, நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்று பேசி முடிவெடுத்தார்கள். சுமனைத் தூக்க மெல்ரோயும் பர்ஹாவின் கணவன் மர்ஸூக்கும் என்றானது. அன்றுதான் அவள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினாள்.

நெருப்பு வந்தது ஒரு திங்கட்கிழமை, பட்டப்பகலில். தோட்டத்தின் மேல்முனையில் மெத்தை தைக்கும் இடத்தில் பற்றியது. மெல்ரோய் பேலியகொடைச் சந்தையில் மீன் எடுத்துக்கொண்டிருந்தான். மர்ஸூக் கொள்ளுப்பிட்டியில் வேலையில். ஆண்கள் யாருமே தோட்டத்தில் இல்லை.

கடைக்குப் பர்ஹாவின் அழைப்பு வந்தபோது கத்தல்தான் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. புவனலெட்சுமி வந்து சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் பெரிய ரோட்டிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் விட்ட வெளியைத் தாண்ட முடியாமல் நெருப்பு அங்கேயே நின்றது. கீழ்ப் பாதி வீடுகள் தப்பின. அவளுடைய வீடு மேல் பாதியில்.

சுமனைப் பிறகு வெளியே எடுத்தார்கள். முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று யாரோ அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பார்த்தாள்.

அடக்கம் முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு கைகளிலும் கட்டோடு பர்ஹா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"கட்டிலோட இழுத்தேன் அக்கா. கதவால எடுக்க ஏலாமப் போச்சு. என்னப் போகச் சொல்லிக் கண்ணால காட்டினாரு. நான் போய்ட்டேன்."

புவனலெட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "ஆம்பளைங்க பகல்ல வேலைக்குப் போவாங்கன்னு அந்தக் கூட்டத்தில ஒருத்தருக்குக்கூடத் தோணல, பர்ஹா. எனக்கும் தோணல," என்றாள். பர்ஹாவின் கட்டுப்போட்ட கையைத் தொட முடியாமல் அவள் தலைமயிரைத் தடவிக்கொடுத்தாள்.

கீழ்ப் பாதிச் சனங்கள் அவளைக் கண்ட இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "உங்களாலதான் தப்பினோம்" என்று யாராவது சொன்னால் அவள் விறுவிறுவென்று நடந்துவிடுவாள். அந்த வார்த்தையை அவளால் கேட்கமுடியவில்லை.

ஆனாலும் மறுபடி கூட்டம் வைத்தது அவள்தான். இந்தமுறை ஒரு வார நாளில், காலையில். வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். கட்டில் வேண்டாம், படுக்கைவிரிப்பில் வைத்தே தூக்கலாம் என்று தீயணைப்புக்காரர் ஒருவர் செய்து காட்டினார். பழகிப் பார்க்க ஒருவர் படுக்கவேண்டும். யாரும் முன்வரவில்லை. எரியாமல் நின்ற ஒரு வீட்டின் தரையில் விரிப்பைப் போட்டு அவளே படுத்தாள்.

நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்தார்கள். கை ஆறியும் ஆறாமலும் இருந்த பர்ஹா ஐந்தாவதாக நடுவில் பிடித்தாள். முதல் தடவை வாசற்படியில் அவளைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"திரும்பத் தூக்குங்க," என்றாள் புவனலெட்சுமி.