இரண்டும் இடது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்த லாரிப்பேட்டை முழுக்கத் தெரிந்த சங்கதி. தார்ப்பாய், கயிறு, பல்பு, ஃபேன்பெல்ட் என்று விற்கிற கடையில் ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து நாள் பூராவும் டிரைவர்களோடு மல்லுக்கட்ட வேண்டுமென்றால், கோபமாவது துணைக்கு இருக்க வேண்டாமா? ஆனால் இந்த ஷூ விஷயத்தில் நான் பட்ட கோபம் அத்தனையும் தண்டம். பட்டது நான், கேட்டது யாருமில்லை.

என் கடைக்கு நேர் எதிரே எடைமேடை. அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பேட்டையில் வைத்த பேர் தராசு. எனக்குத் தராசு அண்ணன். லாரி மேடையில் ஏறியதும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வரும். "முன்னாடி வா. போதும். இஞ்சின ஆஃப் பண்ணு. எறங்கு." வெறும் வண்டிக்கு ஒரு எடை, சரக்கு ஏற்றிய வண்டிக்கு இன்னொரு எடை. சீட்டு ஒரு சின்ன சந்து வழியாக வெளியே நீளும். டிரைவர் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். உள்ளே இருப்பவர் மனுஷனா மிஷினா என்று எட்டிப் பார்க்க எவனுக்கும் நேரமில்லை. அவருக்கு முன்மண்டை வழுக்கையாகி வருஷக்கணக்காகிறது, அதுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏனென்று கேட்டால், "பொண்ணு பாக்கப் போனவங்க இன்னும் திரும்பி வரலம்மா, வந்ததும் சொல்றேன்" என்பார். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார். இருவரும் தூர தேசத்தில். பண்டிகைக்கு ஒரு படம் அனுப்புவார்கள், பூவும் விளக்குமாக, ஊருக்கெல்லாம் அனுப்புகிற அதே படம். அதை என்னிடம் காட்டி, "மறக்காம அனுப்பிருச்சுங்க பாரும்மா" என்று பெருமைப்படுவார். எனக்கு எரிச்சல் பொங்கும். அவரிடம் காட்டிக்கொள்ள மாட்டேன்.

அவருக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போக ஆரம்பித்துவிட்டது, தினமும் நட, அதுவும் ஷூ போட்டுத்தான் நட என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைக்குப் போய் வாங்குங்கள் என்றால் மாட்டவே மாட்டேன் என்றார்.

"இன்னொரு மனுஷன் கீழ உக்காந்து என் காலப் புடிச்சு மாட்டறதாவது. கூச்சமா இருக்கும்மா. உன் போன்லயே பாத்து வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தேன். கறுப்பு, ஒன்பதாம் நம்பர், பேர் பெற்ற கம்பெனி. பெட்டி வந்ததும் கூண்டுக்குள்ளேயே பிரித்தோம். கம்பெனி முத்திரையை நகத்தால் லேசாகச் சுரண்டினேன், தோலோடு கையில் வந்தது. சரி, போலி. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அண்ணன் ஒன்றை மாட்டிக்கொண்டு இன்னொன்றை மாட்டப் போனார், கால் உள்ளே போகாமல் வம்பு பண்ணியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார்.

"ரெண்டும் இடதும்மா."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே, ஷூவை விற்ற ஆன்லைன் கம்பெனிக்கு எழுத ஆரம்பித்தேன். எதிர்முனையில் பேசுவது மனிதரா என்னவோ, எதைச் சொன்னாலும் 'உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று ஒரே பல்லவி. படம் அனுப்பச் சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பினேன். படத்தில் ஒரு ஜோடி நல்ல நிலையில் தெரிகிறது, குறை ஏதுமில்லை என்று பதில். உங்கள் கண்ணில் கொள்ளி வைக்க என்று திட்டிவிட்டு, "அண்ணே, ரெண்டையும் மாட்டிக்கிட்டு நில்லுங்க, அப்பத்தான் இந்த முட்டாப்பயலுகளுக்குப் புரியும்" என்றேன். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலை இடது ஷூவுக்குள் திணித்து, கொக்கு மாதிரி கோணலாக நின்றார். படம் பிரமாதமாக வந்தது. குருடனுக்கும் புரியும்.

பதில் உடனே வந்தது: 'பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது.'

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று கத்தினேன். அவர் போடவில்லை. இரண்டையும் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, அப்ப எங்கயோ ஒருத்தர் ரெண்டு வலதோட முழிச்சிக்கிட்டு இருப்பாரு இல்ல?"

"இருப்பான், இருந்துட்டுப் போறான்."

"அவருகிட்ட ஒரு வார்த்த கேளும்மா."

எங்கே போய்க் கேட்பது? அந்த ஷூவின் படத்துக்குக் கீழே, வாங்கினவர்கள் கருத்து எழுதும் இடத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஐயா, எனக்கு இரண்டும் இடதாக வந்துவிட்டது. கறுப்பு, ஒன்பதாம் நம்பர். இரண்டும் வலதாக வந்தவர் யாராவது இருந்தால் தயவுசெய்து பேசவும்.' கீழே அவருடைய போன் நம்பரையும் போட்டோம். முதலில் வந்ததெல்லாம் கிண்டல். இடது பக்கமாகவே நடந்து போங்கள் என்றது ஒன்று. இன்னொரு கால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது மற்றொன்று. இதுகளுக்கெல்லாம் வேறு வேலை வெட்டியே கிடையாதா என்று நான் பொருமிக்கொண்டிருந்தபோது, எதிரே கூண்டில் அண்ணனின் போன் அடித்தது. அது அடித்து நான் கேட்டதே இல்லை, யாருடையதோ என்று அவரே அக்கம்பக்கம் பார்த்தார். நான் ஓடிப் போய் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கங்க, அங்க ரெண்டு இடதுங்களா? இங்க ரெண்டு வலது."

அந்த மனுஷர் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கும் ஊரில் குளிர்பதனக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். மாற்றலாகி வந்து, குடும்பத்தை விட்டுவிட்டு ஒற்றை அறையில் கிடந்தார். பேச்சு முடியும்போது ஆளுக்கு ஒன்றைப் பார்சலில் மாற்றிக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. முதலில் யார் அனுப்புவது என்பதில்தான் சிக்கல். "நீங்க அனுப்புங்க, வந்ததும் நான் அனுப்பறேன்" என்றார் அவர். "இல்லல்ல, நீங்க முதல்ல" என்றார் இவர். மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாளும்.

ஒரு வாரம் போனதும் ஷூ பேச்சு பின்னால் போய்விட்டது. அவருக்கு வலது என்று பேர், இவருக்கு இடது. "என்ன இடது, சாப்டாச்சா?" "ஆச்சு வலது, உங்களுக்கு முதுகுவலி எப்படி?" கேட்டுக்கொண்டிருந்த ஒரு டிரைவர் என் கடைக்கு வந்து, "ஏக்கா, தராசு ஏதாச்சும் கட்சியில சேந்துட்டாரா?" என்றான் கவலையாக.

சாயங்காலமானால் அண்ணன் முகத்தைக் கழுவிக்கொள்வார். போனில் பேசுவதற்கு எதற்கு முகம் கழுவ வேண்டும்? கேட்டேன். "அது ஒரு மரியாதைம்மா" என்றார். ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டுப் பேசினார். மேடையில் ஒரு லாரி, பின்னால் வரிசையாக லாரிகள். ஒலிபெருக்கியில் திடீரென்று ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரிக்கிற சிரிப்பு. பேட்டையே நின்று கேட்டது. அத்தனை வருஷமாக அந்தக் குரலில் 'முன்னாடி வா, எறங்கு' தவிர வேறொன்றும் நாங்கள் கேட்டதில்லை. ஒருவன்கூட ஹாரன் அடிக்கவில்லை.

"இன்னுமா அனுப்பலை?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "அவசரம் ஒண்ணுமில்லம்மா" என்பார். பழைய ரப்பர் செருப்போடு மேடையைச் சுற்றி நடப்பார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

இப்படியிருக்கும்போதுதான் என் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. போலி விற்ற வியாபாரியை ஆன்லைன் கம்பெனிக்காரர்கள் விரட்டிவிட்டார்களாம், அவனிடம் வாங்கி ஏமாந்த எல்லோருக்கும் வேறு ஷூ மாற்றித் தருகிறார்களாம். மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டார் டெலிவரிக்காரர், வியர்த்து விறுவிறுத்து. நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவரைக் கூண்டுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். கடைசியில் ஜெயித்துவிட்டேன் என்ற குஷி எனக்கு.

பெட்டியைத் திறந்து காட்டினார். அசல் தோல், அசல் முத்திரை, நகத்தால் சுரண்டியும் பார்த்துவிட்டேன். ஒன்று இடது, ஒன்று வலது.

"அழகா இருக்கு" என்றார் அண்ணன்.

"பழசு ரெண்டையும் குடுத்துடுங்க சார், நான் எடுத்துட்டுப் போகணும்" என்றார் டெலிவரிக்காரர்.

அண்ணன் மேஜைக்கடியில் இருந்த அந்த இரண்டு இடதையும் பார்த்தார். குனிந்து எடுக்கவில்லை.

"எனக்கு வேணாங்க. இதுவே சரியாத்தான் இருக்கு. நீங்க கொண்டு போயிடுங்க."

டெலிவரிக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். "சார், வேணாம்னு எழுதிட்டா மறுபடி வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னண்ணே, மூளைகீள கலங்கிடுச்சா? கால்ல நாளைக்கு ஒரு புண்ணு வந்தா யாரு பாக்கறது? நாயா பேயா இந்தக் கம்பெனியோட சண்ட போட்டது நான்!" என்று கத்தினேன். மேடையில் நின்ற டிரைவர்கூட எட்டிப் பார்த்தார். அண்ணன் மெதுவாகத்தான் சொன்னார்.

"இது ரெண்டும் இங்க இருக்கற வரைக்கும் அவரு போன் பண்ணுவாரும்மா."

டெலிவரிக்காரர் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு மனசு கேட்கவில்லை, கடைக்குப் போகாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு நானே ஒரு ஷூ வாங்கி வந்து காலில் மாட்டிவிடுகிறேன், கூச்சமாவது மண்ணாவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். போன் அடித்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"இடது! விஷயம் தெரியுமா? எனக்குப் புது ஜோடி வந்துருச்சுய்யா! அந்த ரெண்டு வலதையும் தூக்கி டெலிவரிக்காரன் கையில குடுத்தேன், பீடை ஒழிஞ்சுதுன்னு. இப்பக்கூட புதுசப் போட்டு நடந்துக்கிட்டேதான் பேசறேன். உங்களுக்கும் வந்திருக்கணுமே?"

அண்ணன் போனைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"வந்துச்சு, வலது. இப்பத்தான் வந்துச்சு. நானும் குடுத்துட்டேன்."

"அளவு எப்படி?"

"கச்சிதம்."

"அப்பாடா! நாம ரெண்டு பேரும் தப்பிச்சோம். எனக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் போட்டுட்டாங்க, அடுத்த வாரம் வீட்டுக்குப் போறேன். எல்லாம் ஒண்ணா நடக்குது பாருங்க."

"ரொம்ப சந்தோஷம். புள்ளைங்களக் கேட்டதாச் சொல்லுங்க."

"அப்பறம்... வேறென்ன?"

"வேறொண்ணுமில்ல."

"சரி, பாக்கலாம்."

"பாக்கலாம்."

அவர் போனை மேஜைமேல் வைத்துத் துணியால் துடைத்தார். துடைக்க ஒன்றுமே இல்லை.

"ஏண்ணே பொய் சொன்னீங்க? இருக்கறத இருக்கறபடி சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா, அய்யோ பாவம்னு தினமும் போன் பண்ணுவாரும்மா. நல்ல மனுஷன், கட்டாயம் பண்ணுவாரு. பாவம் பாத்து வர்ற போன் எனக்கு வேணாம்."

நான் சொன்னபடி ஷூ வாங்கிக் கொடுத்தேன். திட்டித் திட்டி மாட்டிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது நடக்கிறார், சாயங்காலமானால் மேடையைச் சுற்றிச் சுற்றி. முகம் கழுவுவதை மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்கப்புறம் அந்த போன் அடிக்கவில்லை. நேற்று அவர் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போனை எடுத்து அந்த நம்பரைத் தேடி அவர் கையில் கொடுத்தேன். இதற்கு எதற்கு இத்தனை ரோசம், நீங்களே ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசுங்களேன் என்றேன்.

நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்ததும், என்ன விஷயம்னு கேப்பாரேம்மா" என்றார்.