சுமைதாங்கிக்கு நான் எழுதிய வரலாறு

காரைக்குடி ரோட்டில் பள்ளத்தூர்ப் பக்கம், எங்கள் ஊர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால், சுமைதாங்கிக் கல்லை ஒட்டி ஒரு நீலப் பலகை நிற்கும். அந்தக் காலத்தில் இந்தச் சீமையை ஆண்ட ராணியின் படைவீரன் ஒருவன் காயத்தோடு வந்து இந்தக் கல்லில் சாய்ந்து உயிர்விட்டான் என்று அதில் எழுதியிருக்கும். கல்லின் மேலே பெரிதும் சிறிதுமாக இருக்கிற இரண்டு குழிகளும் அவன் ஈட்டியும் குத்துவாளும் ஊன்றிய தடங்களாம். நெஞ்சு உயரக் கல்லின் மேல் எவன் ஈட்டியை ஊன்றுவான் என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. வெளியூர்க்காரர்கள் அந்தக் குழிகளில் விரலை விட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அத்தனையும் நான் ஏழாம் வகுப்பில் அவிழ்த்துவிட்ட புளுகு.

ரோட்டோரத்தில் இருக்கிற பழைய கல், கிணறு, மடை எதையாவது பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லியிருந்தார் டீச்சர். என் வகுப்பில் இருந்த பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வரலாறு வீட்டுக்குள்ளேயே கிடந்தது. பர்மா என்பார்கள், கப்பல் என்பார்கள். தச்சு வேலை செய்கிற எங்கள் வீட்டில் கிடந்ததெல்லாம் உளியும் இழைப்புளியும்தான். எனக்கு ஒரே எரிச்சல். யாரிடமும் கேட்காமல் ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன்.

கேட்டிருக்க வேண்டிய ஆள் என் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன், தனிக்கட்டை, எங்களோடுதான் இருந்தார். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். டியூஷன் விட்டு நானும் அதே நேரத்துக்கு விலக்குக்கு வருவேன். தோளில் இருக்கிற உளிப்பையை அந்தக் கல்லின் மேல் இறக்கி வைத்துவிட்டு, அவர் அங்கேயே நிற்பார். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

"ஏன் பெரியப்பா, வீடுதான் வந்துருச்சுல்ல. இங்க எதுக்கு நிக்கிறீக?" என்று கையைப் பிடித்து இழுப்பேன்.

"இருத்தா, செத்த நேரம்" என்பார்.

பஸ்ஸில் போகிற என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு மானம் போகும்.

கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கல்லுக்குப் பக்கத்தில் பலகை வைப்பது என்று பள்ளிக்கூடத்தில் முடிவு செய்தார்கள். தகரத்தில் எழுத்து, சுற்றித் தேக்குச் சட்டம். சட்ட வேலை பெரியப்பாவிடம் வந்தது.

முற்றத்தில் உட்கார்ந்து சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தவர், "என்னத்தா எழுதியிருக்க, படி, கேப்போம்" என்றார். மேடையில் பேசுகிற குரலில் படித்தேன். குழிகள் வந்த இடத்தில் இழைப்புளி நின்றது.

"இதெல்லாம் யாரு சொன்னாக?"

"ஊர்ல பெரியவுக சொன்னாக பெரியப்பா."

எங்கள் வீட்டில் இருந்த பெரியவர் அவர்தான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னேன். "அப்படியா" என்று மறுபடி இழைக்கத் தொடங்கினார்.

பலகை வைத்த அன்று, இது சரித்திரச் சின்னம், இனி யாரும் இதன் மேல் சுமை வைக்கக் கூடாது என்று தலைமையாசிரியை எல்லாருக்கும் சொன்னார். மறுநாளிலிருந்து பெரியப்பா பையை இறக்கவில்லை. தோளில் போட்டபடியே கல்லைச் சுற்றி நடந்தார். என் பலகைக்கு அவரே கட்டுப்படுகிறார் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இதை எழுதும்போதுகூட முகம் எரிகிறது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அம்மாவின் கை நின்றுவிட்டது.

"செஞ்சாக. நெறமாசமா இருக்கயில அந்த அக்கா போய்ச் சேந்துட்டாக. புள்ளையும் வயித்தோட போச்சு. அப்படிச் சுமையோட போனவுகளுக்குச் சுமைதாங்கி நடுவாகள்ல, அதுதான் விலக்குல நிக்கிறது. குழி ரெண்டும் ஒங்க பெரியப்பா உளியால வெட்டுனது. பெருசு அந்த அக்காவுக்கு. சின்னது புள்ளைக்கு."

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். புள்ள பரிசு வாங்கியிருக்கு, பேசாம இருங்கன்னு அவுகதான் வாயை அடைச்சாக."

அப்போதாவது ஓடிப்போய் அவர் காலைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. சான்றிதழ் சுவரில் தொங்கியது, டீச்சர் என்ன நினைப்பார் என்று பயந்தேன். பெரியப்பா இறந்துபோன பிறகு தகரத்தை இரண்டு முறை மாற்றினார்கள். இரண்டு முறையும் எனக்குத் தெரிந்துதான் மாற்றினார்கள். வாயைத் திறக்கவில்லை. இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன இருக்கிறது?

அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்று உண்டு. பலகை நட்ட அன்று காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், குழி தோண்டியவர் பெரியப்பாதான். பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். பலகையின் காலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மண்ணைத் தள்ளியவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்த வீரனுக்குப் புள்ளகுட்டி இருந்துச்சாத்தா?"

என் கதையை அவர் இவ்வளவு தூரம் நம்பிவிட்டாரே என்று எனக்குக் குஷி. அந்த நிமிஷமே ஒன்றைக் கட்டிவிட்டேன்.

"ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு பெரியப்பா. அது நல்லா வளந்து பெரியாளாயிருச்சு."

கடப்பாரையால் மண்ணைக் குத்தி இறுக்கினார். பலகை ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார்.

"அதையும் எழுதியிருக்கலாம்லத்தா" என்றார்.

"பலகையில எடமில்ல பெரியப்பா" என்றேன்.