பித்தளைப் பானைக்குப் பூசிய காரீயம்

இலங்கையில் பசறைக்கு மேலே, வெயில் ஏறிய பிறகும் மூடுபனி இடத்தைக் காலி செய்யாத ஒரு தோட்டத்தில், பொன்னையாவைப் போலப் பயந்து பயந்து வேலை செய்தவன் வேறு எவனும் இல்லை. தேயிலை ஸ்டோரில் அவனுக்குக் காரீய வேலை. சீமைக்குப் போகும் மரப்பெட்டிகளுக்குள் ஈரம் புகாதபடி காரீயத் தகட்டை மடித்து வைத்து, மூலைகளைச் சூட்டுக்கோலால் பற்றவைக்க வேண்டும். அந்தப் புகையைப் பிடிக்காதே, அந்தக் கையோடு சோறு தின்னாதே, அது நஞ்சு என்று ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் முதல் நாளே சொல்லியிருந்தார். மற்றவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். பொன்னையா மட்டும் மூக்கில் துணி கட்டினான். மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் சாம்பல் போட்டு முழங்கை வரை தேய்த்த பிறகே கஞ்சியைத் தொடுவான். "மாப்பிள்ளைக்குக் கையில தோலே மிஞ்சாது போலிருக்கே" என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் பண்ணினார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன்தான் அந்த நஞ்சைத் தன் கையாலேயே சோற்றுப் பானைக்குள் கொண்டுபோய் வைத்தான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அவன் பெண்டாட்டி இராக்கம்மா துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது ஒரு பித்தளைப் பானை கொண்டுவந்தாள். பித்தளையில் புளி ஊற்றிச் சமைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும். அதனால்தான் உள்ளே வெள்ளீயம் பூசுவார்கள். கல்யாணமான முதல் மழைக்காலத்திலேயே அந்தப் பூச்சு தேய்ந்துபோயிற்று. பூசுகிறவர் பதுளையிலிருந்து மழையில் மலையேற மாட்டார். பொன்னையா ஸ்டோர் தரையில் கிடந்த தகட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தான். பற்றவைக்கிற கம்பியையும் சேர்த்து உருக்கி, பூச்சு ஒட்டுவதற்கு நவச்சாரம் தூவி, பானைக்குள் பஞ்சால் தேய்த்துவிட்டான். உள்ளே முகம் தெரிந்தது. இராக்கம்மா பானையை அக்கம்பக்கத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள்.

நஞ்சு என்று தெரிந்தும் ஏன் பூசினான்? அவன் கணக்கு அவனுக்கு. புகை நஞ்சு, தூள் நஞ்சு. ஆறி இறுகிய தகட்டில் என்ன இருக்கிறது? துரைமார் குடிக்கிற தேயிலையே அதற்குள்தானே கப்பலேறுகிறது? வெள்ளைக்காரன் தனக்குத் தானே நஞ்சு கட்டி அனுப்புவானா? இப்படி யோசித்தவன் பிறகு, கூலிகளின் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நின்ற லயத்தில் பானை கொண்டுவந்த எல்லோருக்கும் பூசிக் கொடுத்தான். ஒரு வெற்றிலைகூடக் கூலி வாங்கவில்லை. லயத்தில் வயிற்றுப் பிடிப்பு அதிகமானபோது எல்லோரும் மழைத் தண்ணீரைத் திட்டினார்கள்.

இராக்கம்மாவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே கரைந்தது. இரண்டாவதும் தங்கவில்லை. அதற்குப் பிறகு கங்காணி பெண்டாட்டி நல்லம்மா, வளைகாப்பு நடக்கும் காம்பராப் பக்கம் அவளை அண்டவிடவில்லை. "அது ராசியில்லாத வயிறு" என்று பீலியடியில் அவள் காதுபடவே சொன்னாள். ஊர் சொன்னது இருக்கட்டும். ஒருநாள் ஆத்திரத்தில் பொன்னையாவே, "உன் வயித்துல என்னதான் இருக்கோ" என்று கேட்டுவிட்டான். அவள் அன்றிலிருந்து முனியாண்டி கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போனாள்.

இப்போது மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். நடக்கும்போதும் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டே நடந்தாள். அந்தச் சமயத்தில்தான் பானையின் அடியில் வெடிப்பு விட்டது. வெடிப்பை அடைக்கும் வேலை பொன்னையாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பதுளைக் கடைத்தெருவில் பாத்திரம் அடைக்கும் புஹாரியிடம் போனான்.

புஹாரி பானைக்குள் விரலை விட்டுத் தேய்த்தார். விரல் கறுத்தது. ஆணியால் கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சுவரில் இழுத்தார். கரிக்கோடு போல விழுந்தது.

"மகன், இது ஆரு பூசின?"

"நான்தாங்க." பொன்னையாவுக்குப் பெருமைதான்.

"வெள்ளீயம் கோடு விழாது. இது காரீயம். இதுலயா ஆக்கித் திண்டீங்க?"

"தேயிலையே இதுலதாங்க போகுது. தொரமாரெல்லாம் குடிக்கிறாங்களே?"

"காஞ்ச தேயிலைக்கு ஒண்டும் ஆகாது மகன். புளி பட்டா இது கரையும். கரைஞ்சி சோத்தோட உள்ள போகும். வயித்தப் புடிக்கும், கை சோரும். புள்ளத்தாச்சி திண்டா புள்ள நிக்காது. எங்கட வாப்பா இதக் கடைக்குள்ளயே எடுக்க மாட்டார்."

பொன்னையா கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "இனிமே இதுல ஆக்காம இருந்தா... இப்ப இருக்கிற புள்ள தங்குமாங்க?" என்று கேட்டான்.

"அது அல்லாட கையில. முதல்ல பானைய மாத்துங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்கு ஒரே யோசனை. பானையைப் பள்ளத்தில் வீசிவிட்டு, அடைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றால் முடிந்தது. மண்சட்டியில் ஆக்கச் சொல்லலாம். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு பிள்ளைகளும் அவள் வயிற்றின் கணக்கிலேயே போய்விடும். அவன் கோழை இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு தரம் பள்ளத்தின் ஓரத்தில் நின்றான். வீசக் கை வரவில்லை.

காம்பராவுக்குள் வந்து பானையைக் கீழே வைத்து, புஹாரி சொன்னதை அப்படியே சொன்னான்.

இராக்கம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "மொதப் புள்ளைக்கு முன்னாடியே பூசிட்டீங்கல்ல?"

"ஆமா."

"ரெண்டாவதும் இதுலதான் தின்னேன்."

"ஆமா புள்ள."

"அப்ப என் வயித்துல குத்தமில்ல."

அவன் அழுதான். அவள் அழவில்லை. அவள் முகத்தில் வந்தது சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை, அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது. பிறகு ஏதோ உறைத்தவள் போல எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசலோடு நல்லம்மா வீட்டுக்கு ஓடினாள். நல்லம்மாவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அந்த வீட்டுப் பானைக்கும் பொன்னையாதான் பூசியிருந்தான்.

"ஏய், எங்க உள்ள வர்ற? புள்ளத்தாச்சி இருக்கிற எடம்!" என்று நல்லம்மா குறுக்கே நின்றாள். இராக்கம்மா அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போய், அடுப்பிலிருந்த பானையைக் கந்தையால் பிடித்து, கொதிக்கிற குழம்போடு வாசலில் கவிழ்த்தாள். லயமே கூடிவிட்டது. வாயில் வந்தபடியெல்லாம் நல்லம்மா ஏசினாள். மகள் கையில் வெறும் சோற்றுத் தட்டோடு விழித்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த பொன்னையா கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். இராக்கம்மா மூச்சு வாங்கியபடி அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னை ஏசுறாங்க. நின்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்களா? நீங்கதானே பூசுனீங்க, நீங்களே சொல்லுங்க. இங்க சொல்லிட்டு அடுத்த வீட்டுக்கு வாங்க."