பம்பரமும் வாய் திறக்காத சிப்பிகளும்

பம்பரம் என்று ஊர் கூப்பிடும் பெண்ணின் அம்மா தொட்டிலை ஆட்டியதே இல்லையாம். பிள்ளையே காலை உதைத்துத் தன்னை ஆட்டிக்கொண்டு தூங்குமாம். பாதியை நம்புங்கள். மீதிக்குக் கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்த கூத்தே சாட்சி.

அங்கே தொட்டி கழுவுவதும் சிப்பிகளைக் கவனிப்பதும் அவள் வேலை. அவள் அண்ணன் கடலில் மிதவை கட்டிச் சிப்பி வளர்ப்பவன். பக்கத்தில் புதுத் துறைமுகத்துக்குத் தூண் இறக்கினார்கள். சம்மட்டி விழ விழச் சிப்பிகள் வாயை மூடிக்கொண்டு, தின்னாமல் கொள்ளாமல் வற்றின. "சத்தம்தான் காரணம்னு காட்டுங்க, அது முட்டையிடுற பருவத்துல நிறுத்துறோம்" என்றார்கள் துறைமுகத்தார். காட்டாவிட்டால் அண்ணன் மிதவையைப் பிரித்து அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

ஆக, இரண்டு அறை, இரண்டு தொட்டி. ஒன்றில் தண்ணீருக்குள் பதிவு செய்த சம்மட்டிச் சத்தம். மற்றதில் நிசப்தம், அதற்குப் பம்பரம் காவல்.

சத்தத் தொட்டியில் சிப்பிகள் மூடிக்கொண்டன. நிசப்தத் தொட்டியிலும் மூடிக்கொண்டன!

சோதனையை நடத்திய விஞ்ஞானி மின்விசிறியை நிறுத்தினார். குளிர்பெட்டியை வெளியே தள்ளினார். ம்ஹூம். "நாளைக்கும் இப்படியேன்னா, சத்தத்துக்கும் சிப்பிக்கும் சம்பந்தமில்லைன்னுதான் எழுதணும்."

பம்பரம் தொட்டி மேசையை ஒட்டிய தன் முக்காலிக்குத் திரும்பினாள். அதில் உட்கார்ந்து, "தொறந்து தொலையேன்" என்று சிப்பிகளிடம் கெஞ்சினாள். விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் ஓடி வந்தான்.

"பேசாம நில்லுண்ணே. உன் பொழைப்பு இந்தத் தொட்டிக்குள்ள இருக்கு."

"நான் பேசல. நீ மொதல்ல காலாட்டாம உட்காரு. மேசையே நடுங்குது."

அவனை முறைப்பதற்காக அவள் காலை நிறுத்தினாள். ஒரு சிப்பி மெல்ல வாய் திறந்தது. பிறகு இன்னொன்று.

பதற்றம் ஏற ஏற அவள் குதிகால் மேசையின் இரும்புக் காலைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது!

"சிப்பிக்குக் காது கிடையாதும்மா, அதிர்வை உடம்பே வாங்கிக்கும்" என்றார் விஞ்ஞானி. "நீ தட்டினது அதுக்கு இன்னொரு சம்மட்டி."

"அடிப்பாவி! ஊரானைத் திட்டிட்டிருந்தேனே, துறைமுகம் என் வீட்டுலயே பொறந்திருக்கே!" என்றான் அண்ணன்.

மறுநாள் சோதனை முதலிலிருந்து. விஞ்ஞானியே காவல். பம்பரத்தைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நாடு கடத்தினார்கள். அவள் நடந்த நடையில் செருப்பு பாதியாய்த் தேய்ந்தது. கடலில் சம்மட்டி விழும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

மாலையில் அண்ணன் ஜன்னலில் தோன்றினான். இடக்கையை இறுக மூடிக் காட்டினான்: சத்தத் தொட்டி. வலக்கையை அகல விரித்தான்: நிசப்தத் தொட்டி.

பம்பரம் ஓவென்று கத்தி ஒரு குதி குதித்தாள். மறு குதிக்குள் ஜன்னலில் விஞ்ஞானியின் தலை நீண்டது.

"அங்கேயே நில்லு தாயே! குதிக்காதே, மூடிக்கப் போகுது!"