கவிழ்த்துப் பார்க்கும் பெட்டிக்காரம்மா

முன்னறையில் 'தொம்' என்று எதையோ இறக்கிவைக்கும் சத்தம். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெட்டிக்காரம்மாவின் கை நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"அடிப்பலகை புதுசு."

"வந்தவங்க மூஞ்சியையே இன்னும் பாக்கல, அதுக்குள்ள தீர்ப்பா?" என்றார், டீ வடிகட்டிக்கொண்டிருந்த கணவர்.

"மூஞ்சிய நீங்க பாருங்க. எனக்குப் பெட்டி போதும்."

பழைய மரப்பெட்டிகளின் வயதையும் அவை பிறந்த ஊரையும் கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். ஏலக்கடைக்காரர்கள், பழம்பொருள் சேர்ப்பவர்கள், பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்டவர்கள் என்று யாராவது வாசலில் நின்றபடி இருப்பார்கள். முன்னறையில் நாற்காலி கிடையாது, பெட்டிகள்தான் ஆசனம். எதன்மேல் உட்காரலாம், எதன்மேல் கூடாது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அசந்து உட்கார்ந்துவிட்ட வக்கீல் ஒருவரை, "எந்திரிங்க சார், அது உங்க தாத்தாவுக்கே தாத்தா," என்று எழுப்பிவிட்டிருக்கிறார்.

வேலை எப்போதும் கவிழ்ப்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். மூடியைத் திறக்க மாட்டார். பெட்டியைப் புரட்டிப் போட்டு, பக்கத்தில் சப்பணமிட்டு, அடிப்பலகையை விரல்நுனியால் தடவுவார். கை ரம்பம் அறுத்த பலகையில் தடங்கள் நேராக, முன்னே பின்னே ஓடும். மெஷினின் வட்ட ரம்பம் என்றால் பிறை பிறையாக வளைந்திருக்கும். கொல்லன் அடித்த ஆணிக்குத் தலை கோணல். அப்புறம் மூக்கை ஒட்டவைத்து முகர்வார். ஊர் தெரிவதும் அடியில்தானாம். "முகப்புக்கு எங்கெங்கேருந்தோ ஒசந்த மரம் வரும். அடிக்கு யார் மெனக்கெடறாங்க? பக்கத்துல மலிவாக் கெடைச்சத அடிச்சிடுவாங்க. அது தன் ஊரச் சொல்லிடும்." மேலே எத்தனை மினுக்கு இருந்தாலும் அவரிடம் எடுபடாது. "மூஞ்சிக்குத்தான் பவுடர் போடுவாங்க. அடிவயித்துக்கு யாரும் போடறதில்ல."

முடிவானதும் அடியில் சாக்கட்டியால் ஒரு குறி. பழசுக்கு நேர்கோடு, போலிக்குப் பெருக்கல் குறி. போட்டதை அழித்த வழக்கம் இல்லை. அதனால்தான் அந்தக் குறிக்கு ஏலக்கடைகளில் அத்தனை மதிப்பு.

அன்று வந்தவள் ஒரு நர்ஸ். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். அவள் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்ததும் பெட்டிக்காரம்மாவின் புருவம் உயர்ந்தது. அடி அகன்று மேலே குறுகிய, கப்பல்காரர்களின் பெட்டி. தளம் எப்படி ஆடினாலும் சாயாது. "இதே அச்சுல ஒண்ணுக்குப் போன மாசம்தான் நேர்கோடு போட்டு அனுப்பினேன்," என்றார்.

"அது எங்க அண்ணனோடது," என்றாள் நர்ஸ். "தாத்தா கப்பல்ல போனப்போ வெச்சிருந்த பெட்டி ஒண்ணுதான் எங்க வீட்டுல இருந்துச்சு. அப்பா துறைமுகத்துல தச்சர். கண்ண மூடறதுக்கு முன்னாடி அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு, ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. எது பழசுன்னு வாயே தொறக்கல. அண்ணனோடதுதான் பழசுன்னு நீங்க சொன்னீங்களாமே?" அவள் பெட்டியை முன்னே தள்ளினாள். "கடைசிவரைக்கும் அவரக் குளிப்பாட்டி, சோறூட்டி, எல்லாம் நான். ஆனா பிள்ளைக்கு அசல், பொண்ணுக்கு நகல். அப்படித்தானே அக்கா? அன்னையிலேருந்து அண்ணன்கிட்ட நான் பேசறதில்ல."

பெட்டிக்காரம்மா ஆறுதல் சொல்கிற ரகமல்ல. பெட்டியைக் கவிழ்த்தார். பிறை பிறையாக ரம்பத் தடம். சாக்கட்டியை எடுத்தார்.

"போடுங்க," என்றாள் நர்ஸ், கண்ணைத் துடைத்தபடி. "ஆனா ஒரு தடவ தொறந்து பாத்துட்டுப் போடுங்க."

"தேவையில்லம்மா."

"தொறந்துதான் பாரேன்," என்றார் டீயோடு வந்த கணவர். "கையா தேஞ்சிடும்?"

அவர் வாயை அடைப்பதற்காகவே பெட்டியை நிமிர்த்தி, மூடியின் விளிம்பில் கை வைத்தார். விரல்கள் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. எத்தனையோ கைகள் தூக்கித் தூக்கித் தேய்த்த பள்ளம். எந்த மெஷினும் போட முடியாத பள்ளம்.

"என்னங்க, டார்ச் எங்க?"

சாவித்துவாரத்தைச் சுற்றிலும் சாவி தடுமாறிக் கீறிய வடுக்கள். மூலைப் பொருத்தில் ஒரு பலகை உள்வரை கறுத்திருந்தது. அதைக் கவ்வியிருந்த பலகை வெளுத்திருந்தது. மூடியின் பின்விளிம்பில், பழைய ஆணித் துளைகளை மரத்துண்டு வைத்து அடைத்த தடம். பெட்டிக்காரம்மா சாக்கட்டியைக் கீழே வைத்தார். காது சொன்னது சரிதான், அடி புதிதுதான். ஆனால் அடி மட்டுமா பெட்டி?

"உங்கண்ணன் நம்பர் சொல்லு."

"நான் பேச மாட்டேன்."

"நீ பேச வேணாம். நான்தான் பேசணும்."

போனில் அண்ணன்காரர் எகிறினார். "நீங்க போட்ட குறி போட்டதுதானே மேடம்? ஊரெல்லாம் சொல்லிட்டேன்!"

"போன மாசம் நான் சொன்னது தப்பு. அழிக்கத்தான் கூப்பிடறேன். பெட்டியோட வாங்க."

பொழுது சாய்வதற்குள் அவர் வந்துவிட்டார். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றார். தங்கை ஜன்னலைப் பார்த்து நின்றாள். பெட்டிக்காரம்மா இருவரையும் சட்டை செய்யவில்லை. நர்ஸின் பெட்டி மூடியைக் கழற்றி, அண்ணனுடைய பெட்டியின்மேல் பொருத்தினார். மூடியில் அடைத்திருந்த துளைகளும், அந்தப் பெட்டியின் முதுகுப் பலகையில் அடைத்திருந்த துளைகளும் நேருக்கு நேர் வந்து நின்றன.

"பழைய கீல் இருந்த எடம்," என்றார். "மூடி, முகப்பு, ஒரு பக்கம் தங்கச்சிக்கிட்ட. அடி, முதுகு, இன்னொரு பக்கம் உங்ககிட்ட. தாத்தா பெட்டிய உங்கப்பா பிரிச்சு, பாதிப் பாதி ரெண்டுலயும் வெச்சு, மிச்சத்துக்குப் புதுப்பலகை சேத்திருக்காரு. ரெண்டுமே அசல்தான். ரெண்டுமே பாதிதான்."

அண்ணன் மெல்ல மூடியைத் தொட்டார். "பென்சில் வாங்கினாக்கூட நடுவுல வெட்டித்தானே குடுப்பாரு..."

"கூர் உனக்கு," என்றாள் தங்கை. அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல். "ரப்பர் எனக்கு."

"வேணும்னா பிரிச்சு மறுபடியும் முழுசா ஒண்ணு ஆக்கித் தரேன்," என்றார் பெட்டிக்காரம்மா. "அப்போ மத்தது முழுக்க முழுக்க உங்கப்பா கைவேலையா இருக்கும்."

"அது எனக்கு!" என்றாள் நர்ஸ் சட்டென்று.

"பாத்தீங்களா மேடம், அடுத்த சண்ட! எனக்கு மட்டும் அது வேணாமா? இப்படியே இருக்கட்டும்."

மூடி அதன் பெட்டிக்கே திரும்பியது. பெட்டிக்காரம்மா அண்ணனுடைய பெட்டியைக் கவிழ்த்து, போன மாதத்துக் கோட்டைத் தன் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். அந்தப் பெட்டி முதலில் வண்டிக்குப் போயிற்று. அப்புறம் தங்கையின் பெட்டிக்கு ஆளுக்கு ஒரு பக்கமாகக் குனிந்தார்கள்.

"பாத்து அண்ணா, நிலையில இடிச்சிடாத."

"நீ ஒழுங்காப் புடி, குட்டி."

கதவு சாத்திக்கொண்டது.

மூலையில் ஏலக்கடையிலிருந்து வந்த பெட்டி ஒன்று காத்திருந்தது. பெட்டிக்காரம்மா அதன் முன்னே சப்பணமிட்டார். கவிழ்ப்பதற்காகக் கைகள் வழக்கம்போல இரண்டு பக்கமும் போயின. நின்றன. பிறகு, அவர் மூடியைத் திறந்தார்.